இரண்டாவது தோட்டா

பவானிபூர், கல்கத்தா
1913 ஜூலை 6

சிரஞ்சீவி சுந்தரேசனுக்கு அண்ணா வெங்கடசுப்ரமணியனின் ஆசீர்வாதம். நானும் உன் மன்னி விஜயலக்ஷ்மியும் சௌக்கியம். நீயும் அப்படியே இருப்பாய் என்று நினைக்கிறேன்.

நீ ஜபல்பூருக்குப் போனபிறகு நான் உனக்கு எழுதும் முதல் கடிதம் இது. மன்னி எழுதியவற்றுக்கே நீ பதில் போடவில்லை என்பது தெரியும். இதற்கும் போட இஷ்டமில்லை என்றால் நான் ஒன்றும் செய்வதற்கில்லை. ஆனால் விஷயம் உன் தொழிலைச் சேர்ந்தது. துப்பாக்கித் தொழிற்சாலையில் எனக்குத் தெரிந்த வேறு ஆள் கிடையாது.

ஹேமேன் வழக்கில் என்னோடு சாட்சி சொன்ன தபாலாபீஸ் குமாஸ்தாவை நீ மறந்திருக்க மாட்டாய். பிப்ரவரி மாதம் சியாம்பஜாரில், வீட்டு வாசலிலேயே ஹேமேனின் கூட்டத்தார் அவரைச் சுட்டுக் கொன்றுவிட்டார்கள். அந்த வழக்கில் சாட்சி சொன்னவர்களில் போலீஸ் அல்லாத வெளியாள் என்று இப்போது மிச்சம் இருப்பது நான்தான். போலீஸ் சூப்பரின்டெண்டென்ட் ஆபீஸுக்கே வந்து, கையில் ஆயுதமில்லாமல் வெளியே போகக்கூடாது என்று சொல்லி லைசென்ஸும் வாங்கிக் கொடுத்துவிட்டார். பெல்ஜியத்தில் செய்த பிஸ்டல் ஒன்றை வாங்கினேன். ரிவால்வர் அல்ல. ஒன்று வெடித்ததும் அடுத்த தோட்டா தானாகவே ஏறிக்கொள்ளும் ஜாதி.

ஏறிக்கொள்ளும் என்று கடைக்காரர் சொன்னார். ஏறுவதில்லை. டாலிகஞ்சில் செங்கல் சூளைக்குப் பின்னால் ஒரு பொட்டல் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு போலீஸ் ஜமேதார் என்னை அங்கே கூட்டிப்போய்ப் பழக்குகிறார். முதல் தோட்டா வெடிக்கிறது. இரண்டாவது பாதியில் நின்றுவிடுகிறது. கடைக்குத் திருப்பிக் கொண்டுபோனேன். அவர்கள் சுட்டபோது ஒழுங்காக வேலை செய்தது. குறை பிஸ்டலில் இல்லை, உபயோகிப்பவரிடம் என்று மரியாதையாகச் சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

இதற்கு என்ன செய்யலாம் என்று உனக்குத் தெரிந்தால் எழுது. மன்னி தினமும் டிராம் நிற்கும் இடம்வரை என்கூட வருகிறாள். "நான் கூட இருந்தா சுடமாட்டா" என்கிறாள். வேண்டாம் என்றால் கேட்பதில்லை.

இப்படிக்கு,
வெங்கடசுப்ரமணியன்


ஜபல்பூர்
1913 ஜூலை 14

அண்ணாவுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. பதில் எழுதுவதில்லை என்று முதலில் முடிவு செய்தேன். பிறகு, முகம் தெரியாத ஒரு ஆபீசர் தன் துப்பாக்கியைப் பற்றிக் கேட்டிருந்தால் எழுதியிருப்பேன் அல்லவா என்று தோன்றியது. அப்படி நினைத்துக்கொண்டே எழுதுகிறேன்.

"பாதியில் நின்றுவிடுகிறது" என்றால் எனக்கு ஒன்றும் விளங்காது. டாக்டரிடம் போய் உடம்பு சரியில்லை என்று மட்டும் சொல்வது போல. எது, எங்கே, எப்படி நின்றது என்று பார்க்கவேண்டும்.

தங்களிடம் இருக்கும் ஜாதி பிஸ்டலில் நடப்பது இவ்வளவுதான். தோட்டா வெடித்ததும் அந்த வேகத்தில் மேலே இருக்கும் ஸ்லைடு பின்னால் ஓடும். ஓடும்போது காலிக் கூட்டை இழுத்து வெளியே எறியும். பிறகு ஸ்பிரிங் அதை முன்னால் தள்ளும். முன்னால் வரும்போது, பிடிக்குள் இருக்கும் மேகஸின் பெட்டியிலிருந்து அடுத்த தோட்டாவைத் தள்ளிக்கொண்டு போய்க் குழாயில் வைக்கும். இதில் எந்த இடத்திலும் தடங்கல் வரலாம். தடங்கல் எல்லாம் ஒரே வியாதி அல்ல.

ஆகையால் பார்த்து எழுதவும். நின்ற தோட்டாவின் மூக்கு மேலே நிமிர்ந்திருக்கிறதா, கீழே முட்டிக்கொண்டிருக்கிறதா? காலிக் கூடு வெளியே போய்விட்டதா, வாயிலேயே கவ்விக்கொண்டிருக்கிறதா? பிஸ்டலோடு இரண்டு மேகஸின் கொடுத்திருப்பார்கள். இரண்டிலும் இப்படியா, ஒன்றில்தானா? ஒன்றின் அடியில் ஆணியால் கீறி அடையாளம் வைத்துக்கொள்ளவும். என்ன எண்ணெய் போடுகிறீர்கள்? யார் போடுகிறார்கள்?

துப்பாக்கி ரிப்பேருக்கு வந்தால் அதன் முன்னால் யார் நிற்கப்போகிறார்கள் என்று நாங்கள் கேட்பதில்லை. இந்த ஒன்றில் அது எனக்குத் தெரியும். ஹேமேனைப் போல ஒருவன் நிற்பான். நம் எதிர்வீட்டில் வளர்ந்து, நம் வீட்டு அடையை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு என்னோடு பந்தாடப் போனவன் அவன். இதை எழுதாமல் விட முடியவில்லை.

மன்னிக்கு என் நமஸ்காரம். அவர்கள் எழுதிய கடிதங்கள் எல்லாம் என்னிடம் இருக்கின்றன.

சுந்தரேசன்


பவானிபூர்
1913 ஜூலை 23

சிரஞ்சீவி சுந்தரேசனுக்கு ஆசீர்வாதம்.

நீ கேட்டபடியே பார்த்தேன். ஞாயிறு மழை பெய்துகொண்டிருந்தது. ஜமேதார் குடை பிடித்தார்.

கீறல் போட்ட மேகஸினில் தோட்டா மூக்கை மேலே தூக்கிக்கொண்டு குழாயின் விளிம்பில் முட்டி நிற்கிறது. பெட்டி நிறைய இருக்கும்போதுதான் அதிகம். பாதி காலியானபிறகு ஏறக்குறைய ஒழுங்காக ஏறுகிறது. மற்ற மேகஸினில் அப்படி இல்லை. ஆனால் அதில் சில சமயம் காலிக் கூடு வெளியே போகாமல் வாயிலேயே நெட்டுக்குத்தாக நின்று கவ்விக்கொள்கிறது. ஜமேதார் அதே மேகஸினைப் போட்டுச் சுட்டபோது ஒரு தடவையும் கவ்வவில்லை. இதன் அர்த்தம் எனக்கு விளங்கவில்லை.

எண்ணெய் போடுவது நான்தான். கடையில் கொடுத்த புட்டி தீர்ந்துபோய், இப்போது மன்னியின் தையல் மிஷினுக்குப் போடும் எண்ணெய். தாராளமாகவே போடுகிறேன். இங்கே ஆடி மாதத்தில் எதை வைத்தாலும் துருப்பிடிக்கிறது.

ஹேமேன் விஷயம். நீ எழுதிவிட்டதால் நானும் ஒரு தடவை எழுதிவிடுகிறேன். அலிப்பூர் கோர்ட்டில் என்னை ஒரு கேள்வி கேட்டார்கள். அன்று சாயங்காலம் பாழ் வீட்டின் பின்சுவரைத் தாண்டித் தகரப்பெட்டியோடு இறங்கியது யார் என்று. நான் மாடியில் வேஷ்டி உலர்த்திக்கொண்டிருந்தேன். முகத்தைப் பார்த்தேன். ஹேமேன்தான். அந்தப் பெட்டியில் வெடிகுண்டு இருந்தது என்று அப்போது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் பார்த்தது பார்த்ததுதான். பார்க்கவில்லை என்று பிரமாணம் செய்து சொல்ல எனக்கு வராது. அவனுக்கு அந்தமான் கிடைக்கும் என்று நான் தீர்மானிக்கவில்லை. தீர்மானித்தது ஜட்ஜ்.

நீ அன்றிரவே படுக்கையைச் சுருட்டிக்கொண்டு ஹௌரா ஸ்டேஷனுக்குப் போனாய். நான் தடுக்கவில்லை.

ஒரு விஷயம். என்னைத் "தாங்கள்" என்று எழுதியிருக்கிறாய். மன்னி படித்துவிட்டு, "யாரோ வக்கீல் நோட்டீஸ் அனுப்பின மாதிரின்னா இருக்கு" என்றாள்.

வெங்கடசுப்ரமணியன்


ஜபல்பூர்
1913 ஆகஸ்ட் 4

அண்ணாவுக்கு,

நான் கேட்டதற்கெல்லாம் சரியாகப் பதில் எழுதியிருக்கிறீர்கள். இங்கே வரும் துரைமார்களில் பாதிப் பேருக்கு இப்படிப் பார்க்கத் தெரியாது.

குறை மூன்று. தனித்தனியே.

கீறல் போட்ட மேகஸின்: அதன் மேல் வாயில், தோட்டாவை இரண்டு பக்கமும் பிடித்துக்கொள்ள மடித்துவிட்ட உதடுகள் இருக்கும். ஒரு பக்கம் கொஞ்சம் விரிந்திருக்கும் என்று நினைக்கிறேன். கீழே விழுந்திருக்கலாம், செய்யும்போதே அப்படி வந்திருக்கலாம். பெட்டி நிறைய இருந்தால் அடியில் ஸ்பிரிங் பலமாகத் தள்ளும். உதடு பிடிக்காமல் தோட்டா முன்கூட்டியே நிமிர்ந்துவிடும். அதை நீங்களே இடுக்கியால் வளைக்க வேண்டாம். அந்த மேகஸினை மட்டும் கடைக்குக் கொண்டுபோய், மற்றதோடு பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். மாற்றிக் கொடுக்காமல் இருக்க முடியாது.

எண்ணெய்: தாராளம் கூடாது. அதிக எண்ணெயும் வெடிமருந்துக் கரியும் சேர்ந்தால் பிசின் மாதிரி ஆகிவிடும். ஸ்லைடு ஓடுவதற்குப் பதில் ஊரும். முழுக்கத் துடைத்துவிட்டு, துணியில் தொட்டு ஒரு பூச்சு. போதும். தோட்டாக்களிலும் எண்ணெய் பட்டிருந்தால் அவற்றைத் தூரப் போட்டுவிட்டுப் புதியது வாங்குங்கள்.

மூன்றாவது தங்கள் கை. ஜமேதாருக்குக் கவ்வாதது தங்களுக்குக் கவ்வுகிறது என்றால் காரணம் அதுதான். ஸ்லைடு பின்னால் ஓடும்போது கீழே இருக்கும் பாகம் அசையாமல் நிற்கவேண்டும். மணிக்கட்டுத் தளர்ந்திருந்தால் பிஸ்டல் முழுவதும் சேர்ந்து பின்னால் வந்துவிடும். ஸ்லைடுக்குப் போதுமான ஓட்டம் கிடைக்காது. காலிக் கூடு போகாது. தாங்கள் அதைப் பேனா பிடிப்பது போலப் பிடிக்கிறீர்கள் என்று நேரில் பார்க்காமலே எனக்குத் தெரியும்.

பழக்கத்தில் மறுபடி நின்றால் ஒன்று நினைவிருக்கட்டும். அவசரத்தில் எல்லோரும் செய்வது ஸ்லைடை மறுபடி மறுபடி இழுப்பது. அப்படி இழுத்தால் நின்றுபோன தோட்டாவுக்குப் பின்னால் இன்னொன்று வந்து சிக்கிக்கொள்ளும். நிலைமை இன்னும் மோசமாகும். குழாயைத் தரைப்பக்கம் காட்டி, முதலில் மேகஸினை வெளியே எடுத்துவிடவேண்டும். பிறகுதான் மற்றது.

இந்தக் கடிதத்தை எழுதிவிட்டு இரண்டு நாள் மேஜையில் வைத்திருந்தேன். ஹேமேனின் அம்மா முகம் கண்ணுக்கு முன்னால் வந்தது. தப்பாக எழுதியிருந்தால் தங்களுக்குத் தெரிந்திருக்காது. எண்ணெயை இன்னும் போடு என்று ஒரு வரி எழுதினால் போதும். அப்படி எழுத முடியுமா என்று யோசித்துப் பார்த்தேன் என்பதையும் மறைக்கவில்லை.

சரியாகத்தான் எழுதியிருக்கிறேன். தபாலில் போடப்போகிறேன்.

சுந்தரேசன்


பவானிபூர்
1913 ஆகஸ்ட் 25

சிரஞ்சீவி சுந்தரேசனுக்கு ஆசீர்வாதம்.

மேகஸினை மாற்றிக் கொடுத்துவிட்டார்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டியதும் கடையில் இருந்த துரை பழையதை வாங்கி உள்ளே வைத்துக்கொண்டார். எண்ணெயைத் துடைத்துவிட்டேன். புதுத் தோட்டா வாங்கினேன். மணிக்கட்டை இறுக்கிப் பிடிக்க ஜமேதார் கற்றுக்கொடுத்தார். முதலில் தோள் வலித்தது.

போன ஞாயிறு ஒரு தடவைகூட நிற்கவில்லை. ஜமேதார், "அப் டீக் ஹை, பாபு" என்று, இப்போது சரி என்று, முதுகில் தட்டினார். வீட்டுக்கு வந்து மன்னியிடம் சொன்னேன். அவள் சந்தோஷப்படவும் இல்லை, வருத்தப்படவும் இல்லை. ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தவள், "நன்னா சுடறதுன்னு சொல்றேள். யாரை?" என்று கேட்டாள். நான் குளிக்கப் போனேன்.

நீ எழுதிய கடைசிப் பத்தியைப் படித்தேன். சரியாக எழுதியதற்கு என் நன்றி.

வெங்கடசுப்ரமணியன்


ஜபல்பூர்
1913 செப்டம்பர் 5

அண்ணாவுக்கு,

நன்றி வேண்டாம். துப்பாக்கி சரியாகிவிட்டது என்று கேட்டால் எனக்கு வழக்கமாகத் திருப்தியாக இருக்கும். இந்தத் தடவை இல்லை. பொய் சொல்ல விருப்பமில்லை.

ஹேமேனின் அம்மா எனக்கு எழுதியிருக்கிறாள். அந்தமானிலிருந்து வருஷத்துக்கு ஒரு கடிதம்தான் விடுகிறார்களாம். அவனைச் செக்கிழுக்கப் போட்டிருக்கிறார்கள். எடை குறைந்திருக்கிறது. தங்களைப் பற்றி, மணி அண்ணா என்று அவன் பாஷையில் கூப்பிடுவானே, அந்தப் பெயரோடு ஒரு வரி இருந்ததாம். "மணிதா பொய் சொல்லவில்லை. அவரிடம் சண்டை போடாதே என்று சுந்தரிடம் சொல்" என்று. அவனுக்குச் சண்டை இல்லை. எனக்குத்தான் இருக்கிறது. அவன் தாராளமாக இருக்கலாம், அது அவன் விஷயம். அவனுக்காக நான் விட்டுக்கொடுக்க முடியாது.

துர்கா பூஜைக்குக் கூட்டம் அதிகமாக இருக்கும். ஜாக்கிரதையாக இருக்கவும்.

சுந்தரேசன்


பவானிபூர்
1913 அக்டோபர் 13

சிரஞ்சீவி சுந்தரேசனுக்கு ஆசீர்வாதம்.

தந்தி கிடைத்திருக்கும். பயப்பட ஒன்றுமில்லை. எனக்குக் காயம் கிடையாது. மன்னி அப்போது என்னோடு இல்லை. பேப்பரில் வந்ததைப் படித்து வேறு விதமாக நினைத்துக்கொள்ளாதே என்பதற்காக நடந்ததை எழுதுகிறேன்.

சஷ்டி அன்று சாயங்காலம். ஆபீஸ் பூஜை விடுமுறைக்கு மூடும் நாள். டிராமிலிருந்து இறங்கி நம் சந்துக்குள் திரும்பினேன். இன்னும் வெளிச்சம் இருந்தது. பூஜைப் பந்தலில் டாக் மேளம் அடித்துக்கொண்டிருந்தார்கள். அந்த முழக்கத்தில் பின்னால் யார் வந்தாலும் கேட்காது.

முதல் வெடி எனக்கு டாக் சத்தம் மாதிரிதான் கேட்டது. பக்கத்துச் சுவரில் காரை உதிர்ந்ததைப் பார்த்துத்தான் திரும்பினேன். பத்துப் பதினைந்து அடி தூரத்தில் ஒருவன் நின்றான். சால்வை போர்த்தியிருந்தான். கையில் என்னுடையதைப் போன்ற ஜாதி பிஸ்டல், கொஞ்சம் பெரியது.

அடுத்தது வந்திருக்கவேண்டும். வரவில்லை. அவன் பிஸ்டலின் வாயில் காலிக் கூடு நெட்டுக்குத்தாக நின்றது. எனக்கு எத்தனையோ தடவை நின்றது போலவே. சந்து இருட்டிக்கொண்டிருந்தாலும் பித்தளை பளிச்சென்று தெரிந்தது.

அவன் ஸ்லைடை இழுத்தான். விட்டான். மறுபடி இழுத்தான். மேகஸினை எடுக்கவில்லை. பின்னால் இன்னொரு தோட்டா வந்து முட்டுகிறது, இனி அது அசையாது என்று எனக்குத் தெரிந்தது. உன் கடிதத்தில் இருந்த வரி அப்படியே நினைவுக்கு வந்தது. மூன்றாம் தடவை வெறியோடு இழுத்தபோது ஸ்லைடு பின்னால் பாய்ந்தது. வலது கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் சதையைக் கிழித்துவிட்டது. ரத்தம் மணிக்கட்டு வரை வழிந்தது. அவன் அதைக் கவனிக்கவில்லை. இழுத்துக்கொண்டே இருந்தான்.

இதற்குள் என் பிஸ்டல் என் கையில் இருந்தது. எப்போது எடுத்தேன் என்று நினைவில்லை. மணிக்கட்டு இறுகியிருந்தது. அவனால் எதுவும் செய்ய முடியாது. எனக்கு வேண்டிய அவகாசம் இருந்தது.

"ஃபேலே தாவ்" என்றேன். கீழே போட்டுவிடு என்று. பள்ளிப் பிள்ளையிடம் சொல்வது போல இருந்ததாக எனக்கே தோன்றியது. அவன் போடவில்லை. "ஃபேலே தாவ், ஓட்டா ஆர் சோல்பே நா" என்று மறுபடி சொன்னேன். அது இனி வேலை செய்யாது என்று. அப்போதுதான் இழுப்பதை நிறுத்தினான். பிஸ்டலைச் சால்வைக்குள் வைத்துக்கொண்டு பந்தல் பக்கம் ஓடிக் கூட்டத்தில் கலந்துவிட்டான்.

ஏன் சுடவில்லை என்று சூப்பரின்டெண்டென்ட் கேட்டார். பந்தலில் குழந்தைகள் இருந்தார்கள் என்றேன். அது உண்மை. ஆனால் அவன் ஓடுவதற்கு முன்னால், அவனுக்குப் பின்னால் வெறும் சுவர்தான் இருந்தது. அதையும் நான் அறிவேன். அவர் அதைக் கேட்கவில்லை.

சந்தேகத்தின் பேரில் சிலரைப் பிடித்து அலிப்பூர் ஜெயிலில் வைத்திருக்கிறார்கள். அடையாளம் காட்ட அடுத்த மாதம் கூப்பிடுவார்களாம்.

மன்னி அன்று சாப்பிடவில்லை. மறுநாள் ஹேமேனின் அம்மா பூஜைப் பிரசாதத்தோடு வாசலில் வந்து நின்றாள். தண்டனை ஆனபிறகு நம் வாசற்படி ஏறியது இதுதான் முதல் தடவை. என்னைப் பார்த்து, "பேஞ்சே ஆச்சோ?" என்றாள். பிழைத்திருக்கிறாயா என்று. இருக்கிறேன் என்றேன். பிரசாதத்தை மன்னி கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள்.

வெங்கடசுப்ரமணியன்


ஜபல்பூர்
1913 அக்டோபர் 18

அண்ணா,

தந்தி வந்தபோது பட்டறையில் இருந்தேன். பியூன் கையிலிருந்து வாங்கினவன் பிரிக்காமல் நின்றுகொண்டிருந்தேன். மஹாதேவன் என்று என்னோடு வேலை செய்கிற தஞ்சாவூர்க்காரர்தான் பிரித்துப் படித்து, "ஓய், உம்ம அண்ணா சௌக்கியமா இருக்கார்" என்றார். அதற்கப்புறம் அன்றைக்கு எனக்கு வேலை ஓடவில்லை.

நீ பிழைத்தது உன் பிஸ்டலால் அல்ல. அவன் பிஸ்டலால். எங்கேயாவது திருடி, ஈரத்தில் புதைத்து வைத்து எடுத்திருப்பார்கள். தோட்டாவும் பழசாக இருக்கும். மருந்து நமத்துப்போனால் வேகம் போதாது, ஸ்லைடு முழு ஓட்டம் ஓடாது. வேறு காரணமும் இருக்கலாம். கைகூட நடுங்கியிருக்கலாம். எனக்கு அதைத் தெரிந்துகொள்ளவேண்டிய அவசியமில்லை. நின்றுபோயிற்றே, அது போதும்.

ஸ்லைடு அப்படிக் கிழித்த காயம் சீக்கிரம் ஆறாது. விரலை விரிக்கும்போதெல்லாம் திறந்துகொள்ளும். இங்கே புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு அடிக்கடி நேரும். ஆறினாலும் வெள்ளையாகக் கோடு நின்றுவிடும். வேறு எந்தக் காயமும் அந்த இடத்தில் அப்படி விழாது.

எழுதிமுடித்த பிறகுதான், அவனை அடையாளம் காட்ட இதுவே போதும் என்று உறைக்கிறது. அடித்துவிடலாம் என்று பார்த்தேன். அடித்தால் நீ விளக்கில் பிடித்துப் படிப்பாய். தவிர, இது உனக்குத் தெரியாததும் அல்ல. ரத்தத்தைப் பார்த்தவன் நீ.

நீ என்ன சொல்லவேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். உன்னைக் கொல்ல வந்தவன் அவன். அவன்மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. இந்தப் பத்து நாளில் அவன் கழுத்தை நானே நெரிப்பதாக எத்தனையோ தடவை நினைத்துக்கொண்டேன். ஆனால் அடுத்த நிமிஷம் அவன் மூன்றாம் தடவை இழுப்பது கண்ணில் தெரிகிறது. அவனுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, அண்ணா. மேகஸினை எடுக்கவேண்டும் என்றுகூடத் தெரியாமல் ஒருவனைக் கொல்ல அனுப்பியிருக்கிறார்கள்.

பிரிட்டிஷ் கோர்ட்டில் கொலை முயற்சிக்கு என்ன கிடைக்கும் என்று உனக்குத் தெரியும். கடிதங்களைப் போலீஸ் பிரித்துப் பார்ப்பார்களோ என்று பயமாக இருக்கிறது. இதைக் கிழித்துவிடு.

மன்னியைத் தனியே விட்டுவிட்டு எங்கும் போகாதே.

சுந்தரம்


பவானிபூர்
1913 நவம்பர் 30

சிரஞ்சீவி சுந்தரத்துக்கு ஆசீர்வாதம்.

கடிதத்தைக் கிழிக்கவில்லை. பயப்படவேண்டாம். கல்கத்தாப் போலீஸுக்குத் தமிழ்க் காகிதம் ஏதாவது அகப்பட்டால், மொழிபெயர்க்கச் சொல்லி என்னிடம்தான் அனுப்புகிறார்கள்.

போன செவ்வாய்க்கிழமை அலிப்பூருக்குக் கூப்பிட்டார்கள். ஜெயில் முற்றத்தில் ஏழெட்டுப் பேரை வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். எல்லோரும் ஏறக்குறைய ஒரே வயது. பிடிபட்டவர்களும் அவர்களில் இருக்கிறார்கள், மற்றவர்கள் சம்பந்தமில்லாதவர்கள் என்று சொன்னார்கள். ஒரு மாஜிஸ்டிரேட், சூப்பரின்டெண்டென்ட், ஒரு எழுத்தர். குளிர் ஆரம்பித்துவிட்டது. எல்லோருக்கும் போர்வை கொடுத்திருந்தார்கள்.

வரிசையின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நடந்தேன். ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். சுந்தரம், நான் உனக்குச் சொல்வதை நம்பு. எனக்கு ஒரு முகமும் தெரியவில்லை. அன்று நான் அவன் முகத்தைப் பார்க்கவே இல்லை. கண் முழுவதும் அந்தப் பிஸ்டல்மேல்தான் இருந்தது. கூடு எங்கே நிற்கிறது, எப்போது மேகஸினை எடுப்பான் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஹேமேன் சுவர் தாண்டியபோது முகத்தைத்தான் பார்த்தேன். இவனிடம் கையைத்தான் பார்த்தேன்.

திரும்பி நடந்து வந்தேன். ஒருவன் வலது கையைப் போர்வைக்குள் வைத்திருந்தான். மற்றவர்கள் எல்லோரும் இரண்டு கையையும் தொங்கவிட்டிருந்தார்கள். அவன் என்னைப் பார்க்கவில்லை. நேரே மதில் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். பெஹாலா பக்கத்துப் பையன் என்று பிறகு கேள்விப்பட்டேன். மீசை இன்னும் சரியாக முளைக்கவில்லை.

அவன் முன்னால் கொஞ்சம் நின்றேன். எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை. எழுத்தர் பேனாவைத் தூக்கிவிட்டார், அதனால் அதிகமாகத்தான் நின்றிருக்கவேண்டும். கையை நீட்டச் சொல் என்று ஒரு வார்த்தை. அவ்வளவுதான் வேண்டியிருந்தது. அந்தக் கையில் ஒன்றுமே இல்லாமலும் இருந்திருக்கலாம். குளிருக்கு உள்ளே வைத்திருக்கலாம்.

நடந்துவிட்டேன்.

மாஜிஸ்டிரேட் கேட்டார்: "இவர்களில் யாருடைய முகமாவது அடையாளம் தெரிகிறதா?"

"இல்லை" என்றேன்.

சூப்பரின்டெண்டென்ட் முகம் சிவந்துவிட்டது. மாஜிஸ்டிரேட்டிடம் ஏதோ சொன்னார். மாஜிஸ்டிரேட் என்னிடம் மறுபடி கேட்டார்: "வேறு ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா?"

அந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. முதல் கேள்விக்குப் பதில் எளிது. இரண்டாவது அப்படி இல்லை. பிறகு அவர் கேட்டதையே மனதுக்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன். தெரியுமா என்று அவர் கேட்கவில்லை. விரும்புகிறேனா என்றுதான் கேட்டார்.

"இல்லை" என்றேன். எழுத்தர் எழுதிக்கொண்டார்.

நேற்று எல்லோரையும் விட்டுவிட்டார்கள். சஷ்டிக்குப் பிறகு எனக்குக் கொடுத்திருந்த காவலையும் எடுத்துவிட்டார்கள். தன்னால் இனி எனக்கு ஒன்றும் செய்வதற்கில்லை என்று சூப்பரின்டெண்டென்ட் சொல்லி அனுப்பினார். பிஸ்டலைப் போலீஸில் ஒப்படைத்துவிட்டு வந்தேன். லைசென்ஸ் ரத்து செய்யக் கையெழுத்து வாங்கினார்கள். வரும்போது சட்டைப்பை இலேசாக இருந்தது, அதைத் தவிர வேறு வித்தியாசம் தெரியவில்லை. அவன் மறுபடி வருவானா என்று எனக்குத் தெரியாது. வந்தால் இந்தத் தடவை சரியான தோட்டாவோடு வருவான்.

மன்னியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முகத்தைப் பார்க்காமல் கையைத்தான் பார்த்தேன் என்பதை அவள் முதலில் நம்பவில்லை, பிறகு நம்பினாள். விளக்குத் திரியைச் சரிசெய்தாள். அப்புறம், "ஹேமேனுக்கும் அன்னிக்கு இப்படி ஒரு வார்த்தை சொல்லியிருக்கப்படாதா?" என்று கேட்டாள்.

அன்று யாரும் என்னிடம் விரும்புகிறேனா என்று கேட்கவில்லை என்று சொல்லலாம். முகத்தைப் பார்த்துவிட்டேன் என்று சொல்லலாம். இரண்டும் நிஜம். இரண்டையும் அவளிடம் சொல்லிப் பார்த்தேன். எனக்கே போதவில்லை.

நீ நேரில் வந்தாலும் இதைத்தான் கேட்பாய். கிறிஸ்துமஸுக்குத் தொழிற்சாலை மூடுவார்கள் என்று மன்னி சொன்னாள். கேட்பதற்காகவாவது வா.

மணி